‘இது நடத்தலையே சார்!’: சூத்திரத்துக்கு முன்னால் கணக்கு

நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பயிற்சிக் கணக்குகளை நன்றாகவே போடுகிறார்கள். கொஞ்சம் மாற்றிக் கேட்டால் ‘இது நடத்தலையே சார்’ என்கிறார்கள். சிக்கல் தீர்த்தல் வழியாகக் கணிதம் கற்பியுங்கள் என்று பயிற்சி முகாமில் சொல்லி அனுப்புகிறார்கள். 42 பிள்ளைகள், 45 நிமிடம், தலைக்கு மேல் போர்ஷன். இதில் எப்படிச் செய்வது?”

‘இது நடத்தலையே சார்’ என்பதை 26 வருடம் கேட்டவன் நான். முதல் பத்து வருடம் அதைக் கேட்க உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூட இருந்தது, நாம் நடத்தினால்தான் பிள்ளைகளுக்கு வரும் போலிருக்கிறது என்று. அப்புறம்தான் உறைத்தது. கணக்கு என்றால் ஏற்கனவே காட்டியதைத் திரும்பச் செய்வது, காட்டாததைக் கேட்டால் அது வாத்தியார் செய்கிற தப்பு. இதைத்தான் அந்தப் பையன் சொல்கிறான். அப்படி நினைக்க அவனை யார் பழக்கினார்கள்? நாம்தான்.

நம் வகுப்பு நடக்கிற வரிசையைப் பாருங்கள். முதலில் விளக்கம், அப்புறம் சூத்திரம், கட்டம் கட்டி. பிறகு கரும்பலகையில் இரண்டு எடுத்துக்காட்டு. கடைசியில் பயிற்சி. பயிற்சியின் தலைப்பைப் பார்த்ததுமே பையனுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்குச் சரிவகச் சூத்திரம்தான் என்று. எண்களை எடுத்து உரிய இடத்தில் போட வேண்டியதுதான் பாக்கி. எதைப் பயன்படுத்துவது என்கிற முடிவை அவன் ஒருநாளும் எடுத்ததில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் பூட்டைக் காட்டுகிறோம். திடீரென்று ஒருநாள் பூட்டை மட்டும் காட்டினால் முழிக்கத்தானே செய்வான்?

பயிற்சி முகாமில் ஆளுக்கொரு வார்த்தையில் சொன்னதன் சாரம் என் பார்வையில் இவ்வளவுதான்: கணக்கைச் சூத்திரத்துக்கு முன்னால் கொண்டு வாருங்கள். பாடத்தை முடித்துவிட்டு நான்கு வாக்கியக் கணக்கு கொடுப்பது வேறு விஷயம். அதுவும் தேவைதான், ஆனால் அது பயிற்சி. ‘கணக்கைத் தீர்க்கும் படிநிலைகள்’ என்று சார்ட் எழுதி மாட்டுவது இன்னொரு விஷயம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் போலியா 1945-ல் வெளியிட்ட நூலில் நான்கு கட்டங்களைச் சொன்னார்: கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, செயல்படுத்து, திரும்பிப் பார். அருமையான யோசனை. அதையும் நம்மவர்கள் மனப்பாடப் பகுதி ஆக்கிவிட்டார்கள். ‘போலியாவின் நான்கு படிகளை எழுதுக’ என்று பிள்ளைகளிடம் கேட்கிற வினாத்தாளையே நான் பார்த்திருக்கிறேன். நீச்சல் அடிப்பதன் படிநிலைகளை எழுதி மனப்பாடம் செய்த பிள்ளையைக் கிணற்றில் இறக்கிப் பாருங்கள், தெரியும்.

பிள்ளைகள் கணக்கை எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய சோதனை உண்டு. 1980-ஐ ஒட்டி பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கேப்டனின் வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நானும் என் வகுப்பில் கேட்டேன், 62 ஆடு, 8 மாடு, மேய்க்கிறவருக்கு என்ன வயது என்று. சரசரவென்று 70 வந்தது. ஒருத்தி மட்டும் 54 என்றாள். ஏன்மா கழித்தாய் என்றால், “70 வயசுல யாரு சார் மாடு மேய்ப்பாங்க?” என்றாள். வகுப்பிலேயே யோசித்தவள் அவள்தான். ஆனால் ‘இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது சார்’ என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. வாத்தியார் கேட்டால் விடை இருந்துதான் ஆக வேண்டும், அதுவும் கொடுத்த எண்களை எல்லாம் பயன்படுத்தி வர வேண்டும் என்று அத்தனை பேரும் நம்புகிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு வியாதி, குறிச்சொல் வைத்தியம். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி. நானும் சொல்லிக்கொடுத்தவன்தான். இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்: கவிதா 38 ரூபாய் செலவு செய்தாள், அவளிடம் மீதி 12 ரூபாய் இருக்கிறது, முதலில் எவ்வளவு வைத்திருந்தாள்? பாதி வகுப்பு 26 என்று எழுதும். செலவு செய்ததைவிடக் குறைவாக வைத்திருந்தாளாம், கடன் வாங்கிச் செலவு செய்தாள் போல. குறிச்சொல் பட்டியலை இன்றைக்கே சுவரிலிருந்து கிழித்துப் போடுங்கள். அதற்குப் பதிலாக ‘கணக்கில் என்ன நடந்தது, கதையாகச் சொல்’ என்று கேளுங்கள். எண்ணே இல்லாமல் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.

சரி, வகுப்புக்கு வருவோம். நீங்கள் ஏழாம் வகுப்பு என்பதால் சரிவகத்தின் பரப்பையே எடுத்துக்கொள்கிறேன். செவ்வகம், முக்கோணம், இணைகரம் மூன்றுக்கும் பரப்பு காணத் தெரிந்திருக்கும். சரிவகச் சூத்திரம் தெரியாது. இந்த நிலைதான் நமக்கு வேண்டும். கையில் இருப்பது போதாது, ஆனால் இருப்பதை வைத்து எட்டிப் பிடித்துவிடலாம் என்கிற தூரம். கணக்கைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இந்தத் தூரத்தை அளப்பதுதான்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு சரிவகம் வரையச் சொல்வேன். கீழ்ப்பக்கம் 8 கட்டம், மேல்பக்கம் 4 கட்டம், உயரம் 6 கட்டம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து வர வேண்டும். கேள்வி ஒரே வரி: இதற்குள் எத்தனை கட்டம் இருக்கிறது? எப்படி வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம், கத்தரிக்கோல் மேசைமேல் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். பதினைந்து நிமிடம். ரப்பர் மட்டும் பைக்குள் போய்விட வேண்டும். தப்பாக வந்தால் ஒரு கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் போடு. அழித்த பக்கத்தில் பையன் எங்கே திரும்பினான் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

இதை முதன்முதலில் செய்த வருடம் எனக்குப் பொறுமை நான்கு நிமிடம்தான் தாங்கியது. வகுப்பு முழித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், “குறுக்கே ஒரு கோடு போட்டு ரெண்டு முக்கோணமாப் பிரிச்சுப் பாருங்கப்பா” என்றேன். ஒரே நிமிடத்தில் எல்லா நோட்டிலும் ஒரே கோடு. அத்தனை பேரும் சரியான விடை போட்டார்கள், ஒருவரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த 40 கோடுகளும் என்னுடைய கோடுகள்.

அடுத்த வருடம் வாயைக் கட்டிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக நடந்தேன். கையில் ஒரு துண்டுச் சீட்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள. ஜன்னலோரப் பெஞ்சில் ஒன்றொன்றாகக் கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள், ஓரத்தில் பாதிப் பாதியாக வெட்டுப்பட்ட கட்டங்களை என்ன செய்வது என்று சண்டை. ஒருவருக்கு 34, இன்னொருவருக்கு 37. இரண்டாம் வரிசையில் நடுவே செவ்வகம், இரண்டு ஓரத்திலும் முக்கோணம் என்று பிரித்திருந்தார்கள்: 24, அப்புறம் 6, 6. ஒரு பெண் மூலைவிட்டம் வரைந்து இரண்டு முக்கோணமாக்கியிருந்தாள். கீழே உள்ளதற்கு 24 கண்டுபிடித்துவிட்டு, தலைகீழாக நிற்கிற மேல் முக்கோணத்துக்கு உயரம் எங்கே என்று தெரியாமல் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஜோடி சரிவகத்தை இன்னொரு தாளிலும் வரைந்து வெட்டி, இரண்டையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக ஒட்டவைத்து இணைகரம் ஆக்கிவிட்டது. கடைசிப் பெஞ்சில் ஒருவன் எதுவும் எழுதவில்லை. என்னப்பா என்றேன். “8-ஆல பெருக்குனா 48 வருது சார், அது ஜாஸ்தி. 4-ஆல பெருக்குனா 24, அது கம்மி. நடுவுல எங்கயோ இருக்கும்.” நடுவில் எங்கே? “நட்டநடுவுல இருந்தா 36.” ஏன் நட்டநடுவில்? தோளைக் குலுக்கினான்.

அந்தப் பையனைக் கணக்கு வராதவன் என்று நான்தான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அவன் சொன்னது சூத்திரமேதான். இரண்டு இணைப்பக்கங்களின் சராசரியை உயரத்தால் பெருக்கு.

இனி வருவதுதான் வகுப்பின் உயிர். பிள்ளைகளை எந்த வரிசையில் பலகைக்கு அழைப்பது? பளிச்சென்று சரியாகச் செய்தவனை முதலில் கூப்பிட்டால் கதை முடிந்தது. மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் எண்ணியவர்களை முதலில் அழைப்பேன். 34-க்கும் 37-க்கும் யார் சரி என்று ஒரு பதற்றம் வேண்டும். அப்புறம் கடைசிப் பெஞ்சுக்காரன்: 24-க்குக் கீழே போகாது, 48-க்கு மேலே போகாது. இதற்குப் பிறகு செவ்வகமும் முக்கோணங்களும். பிறகு மூலைவிட்டம், அந்தத் தலைகீழ் முக்கோணத்தின் உயரச் சண்டையோடு சேர்த்து. அதை வகுப்பே தீர்க்கட்டும். கடைசியில் இரண்டு சரிவகம் சேர்ந்த இணைகரம், அடிப்பக்கம் 12, உயரம் 6, பரப்பு 72, அதில் பாதி. எதையும் அழிப்பதில்லை. ஐந்தும் பலகையில் பக்கம் பக்கமாக நிற்கும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த 12 இணைகரத்தில் தெரிகிறது, மற்ற நான்கிலும் எங்கே ஒளிந்திருக்கிறது?

மூலைவிட்டத்தில் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள், எட்டில் பாதி, நாலில் பாதி, இரண்டும் ஆறால் பெருக்கப்படுகின்றன என்று. செவ்வக வழியில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கடைசிப் பெஞ்சுக்காரனின் ‘நட்டநடு’ ஏன் சரி என்று வகுப்பு கண்டுபிடிக்கிறபோது அவன் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பீரியட் முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது நான் சூத்திரத்தை எழுதுகிறேன், கட்டம் கட்டி, புத்தகத்தில் உள்ள அதே குறியீட்டில். இந்தக் கடைசி ஏழு நிமிடத்தை யாரும் விழுங்கிவிடக் கூடாது. வாத்தியார் தெளிவாக, சந்தேகமில்லாமல் நடத்த வேண்டிய இடம் இதுதான்.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் இந்த மாதிரி வகுப்புக்கு நீண்ட மரபு இருக்கிறது. பிள்ளைகளின் வழிகளைப் பலகையில் வைத்து ஒப்பிட்டு விவாதிக்கும் கட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நெரியாகெ’. மாவைப் பிசைந்து பதமாக்குகிற பொருளிலிருந்து வந்த சொல். பலகையில் எழுதும் முறைக்கே ‘பான்ஷோ’ என்று தனிப் பெயர். பாடம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை பலகையில் எழுதியதை அழிக்காமல், மணி அடிக்கும்போது பார்த்தால் அந்த வகுப்பின் கதை முழுவதும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். 1995-ல் ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா மூன்று நாட்டிலும் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை வீடியோ எடுத்து ஒப்பிட்டார்கள். நாம் எதைத் திறமையான நடத்தல் என்று நினைக்கிறோமோ, அதாவது முதலில் காட்டி அப்புறம் போடச் சொல்வது, அது அமெரிக்க வகுப்புகளில் நிறைய இருந்தது. ஜப்பானிய வகுப்பில் பிள்ளைகள் முதலில் முட்டி மோதினார்கள். நம் பலகை சின்னது என்றால் சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பழைய காலண்டர் தாள் போதும்.

வாயைக் கட்டுவது என்று சொன்னேன் இல்லையா, அது முழு மௌனம் இல்லை. நடந்துகொண்டே கேட்க மூன்று நான்கு கேள்விகளைக் கைவசம் வைத்திருப்பேன். என்ன கேட்டிருக்கிறார்கள், உன் வார்த்தையில் சொல். இதைவிடச் சின்ன எண்ணை வைத்துப் பார்த்தாயா? விடை தோராயமாக எவ்வளவு இருக்கும்? இது சரி என்று உனக்கு எப்படித் தெரியும்? கடைசிக் கேள்வியை விடை சரியாக இருக்கும்போதும் கேட்க வேண்டும். தப்பாக இருந்தால் மட்டும் கேட்டால் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கேள்வி வந்த உடனே ரப்பரைத் தேடுவார்கள். அப்புறம் இந்த ‘வெரி குட்’. ஒருவன் விடை சொன்னதும் நாம் வெரி குட் என்றால் மற்ற 41 பேர் யோசிப்பதை அந்த நொடியில் நிறுத்திவிடுகிறார்கள். ‘ம்’ என்று சொல்லிவிட்டு, ‘வேற யாரு?’ என்று திரும்பிப் பாருங்கள். எனக்கு இந்த ஒரு பழக்கத்தை விட மூன்று வருடம் ஆனது.

இதற்கு வலுவான எதிர்வாதமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் அவரோடு இருந்தவர்களும் 1980-களிலிருந்து காட்டியது இது: ஒரு பாடத்துக்கே புதிதான பிள்ளையைக் கணக்கோடு தனியாக விட்டுவிட்டால் மூளையில் பளு ஏறிவிடுகிறது, செய்து காட்டிய எடுத்துக்காட்டுகளைப் படிப்பவர்கள் அவர்களைவிட வேகமாகக் கற்கிறார்கள். என் அனுபவத்தில் அது உண்மை. சமன்பாடு என்றால் என்ன என்றே தெரியாதவனிடம் இரண்டு மாறி உள்ள கணக்கைக் கொடுத்துவிட்டு ‘கண்டுபிடி’ என்று நாற்காலியில் உட்கார்ந்துகொள்வதைக் கற்பித்தல் என்று சொல்ல முடியாது. மறுபக்கம், சிங்கப்பூரில் மனு கபூர் 2008 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. முதலில் பிள்ளைகள் முயன்று தோற்கட்டும், அதன்பின் ஆசிரியர் தெளிவாக நடத்தட்டும், அப்போது கருத்து ஆழமாகப் பதிகிறது என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய சண்டை எதுவும் இல்லை. தோற்கிற அளவுக்காவது கையில் ஏதாவது இருக்க வேண்டும், தோற்ற பிறகு நடத்த ஆள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு மிஞ்சுவது எரிச்சல்தான்.

அதனால் எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தாதீர்கள். முடியவும் முடியாது. மரபு வேறு, காரணம் வேறு. பெருக்கலை முதலில் செய்துவிட்டுக் கூட்ட வேண்டும் என்பது மனிதர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அதைப் பிள்ளைகள் ‘கண்டுபிடிக்க’ வேண்டும் என்று அரை மணி நேரம் வீணாக்கக் கூடாது, நேராகச் சொல்லிவிடுங்கள். கோணமானியை எப்படி வைப்பது என்பதும் அப்படித்தான், செய்து காட்டுங்கள், செய்யச் சொல்லுங்கள். ஆனால் குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை என்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்குகிறோம் என்பதற்கும் இருக்கிறது. முக்கால் லிட்டர் எண்ணெயைக் கால் லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் எத்தனை பாட்டில் என்று தொடங்கினால் போதும். ஒரு பருவத்துக்கு நான்கு பாடம், அதில் பாடத்துக்கு ஒரே ஒரு வகுப்பு. இவ்வளவுதான் நான் கேட்பது.

போர்ஷன் கவலைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சரிவகத்துக்குப் பழைய முறையில் எனக்கு மூன்று பீரியட் ஆகும்: ஒன்று நடத்த, இரண்டு பயிற்சி போட. புது முறையில் ஒன்று கண்டுபிடிக்க, ஒன்று பயிற்சி. பயிற்சி அன்று நான் அனேகமாக எதுவும் சொல்வதில்லை. காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் மறுபடி நடத்துகிற வேலையும் குறைந்தது. சூத்திரத்தை மறந்தவன் ரஃப் தாளில் ஒரு சரிவகம் போட்டு மூலைவிட்டம் கிழித்து எடுத்துக்கொள்கிறான்.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள் பொதுத்தேர்வு என்று பயப்படுவார்கள். பயத்துக்கு நியாயம் இருக்கிறது. இப்போதுள்ள வினாத்தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் ஆளுக்கு 8 மதிப்பெண். அந்த 16-க்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் கட்டாய வினா ஒன்று உண்டு. கைடில் இல்லாததாக அது வந்துவிட்டால் சத்தம் போடுகிறோம், ‘சிலபஸுக்கு வெளியே’ என்று. பெரும்பாலும் அது சிலபஸுக்குள்தான் இருக்கும், நாம் போட்டுக் காட்டிய கணக்குகளுக்குத்தான் வெளியே இருக்கும்.

பாடத்தோடு ஒட்டாத கணக்கு ஒன்றையும் பலகை மூலையில் வாரக்கணக்கில் விட்டுவைப்பது என் பழக்கம். எல்லா வருடமும் வேலை செய்த ஒன்றைச் சொல்கிறேன். அடுத்தடுத்த இயல் எண்களைக் கூட்டி எந்தெந்த எண்ணைக் கொண்டுவரலாம்? 9 என்றால் 4+5, இல்லாவிட்டால் 2+3+4. 10 என்றால் 1+2+3+4. கூட்டல் மட்டும் தெரிந்தால் போதும், வகுப்பில் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள். திங்கள்கிழமை ஒற்றைப்படை எண்கள் முடிந்துவிடும்: 7 என்றால் 3+4, 51 என்றால் 25+26, சும்மா வருகிறது. செவ்வாய்க்கிழமை யாராவது ஒருவர் 8 வரவே இல்லை என்பார். தப்பாகப் போட்டிருப்பாய் என்று இன்னொருவர். பிறகு 4-ம் வரவில்லை, 2-ம் வரவில்லை. 16-ஐ ஒரு மாலை முழுக்க முயன்றுவிட்டு வருவார்கள். 2, 4, 8, 16 என்று பலகையில் வரிசையாக எழுதியதும் ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம்.

அங்கேயே நிறுத்தினால் அது வெறும் விளையாட்டு. ஏன் என்று கேட்க வேண்டும். 32 வரை வரவில்லை, சரி; 1024-ம் வராது என்று எப்படிச் சொல்கிறாய், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயா? மூன்று எண்களைக் கூட்டினால் எப்போதும் நடு எண்ணின் மூன்று மடங்கு, ஐந்து என்றால் ஐந்து மடங்கு என்று கண்டுபிடிப்பார்கள். நான்கு எண்களுக்கு நடு எண் கிடையாது. முதலும் கடைசியும் சேர்ந்து ஒரு ஒற்றைப்படை எண், நடுவில் உள்ள இரண்டும் சேர்ந்தால் அதே எண். எப்படிக் கூட்டினாலும் விடைக்குள் 1-ஐத் தவிர ஒரு ஒற்றைப்படைக் காரணி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2, 4, 8, 16-க்குள் அது கிடையாது. ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் வார்த்தையில் சொல்கிற நிரூபணம் இது, ‘ஆகவே நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதாவிட்டாலும். இன்னும் ஒரு படி போகிறவர்களுக்கு: 14 என்பது 7 முறை 2. அப்படியானால் 2-ஐ நடுவில் வைத்து ஏழு எண் எழுது. −1, 0, 1, 2, 3, 4, 5. குறை ஒன்றும் மிகை ஒன்றும் அடிபட்டுப் போக 2+3+4+5 நிற்கிறது. குறை எண்களுக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதைப் பிள்ளைகள் அங்கேதான் முதலில் பார்க்கிறார்கள்.

‘வாய்ப்பாடே தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாமா?’ என்பது அடுத்து வரும் கேள்வி, எனக்குத் தெரியும். வாய்ப்பாட்டைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், பார்த்துப் போடட்டும். வாய்ப்பாடு வரும்வரை யோசிக்கிற கணக்கு கிடையாது என்று வைத்தால் அந்தப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புவரை கூட்டல் கழித்தல்தான் கிடைக்கும், கணிதம் கிடைக்காது. மெல்லக் கற்போர் என்று நாம் தனியாக உட்கார வைக்கிறவர்களில் பாதிப் பேர் வேகமாகப் போடத் தெரியாதவர்கள்தான், யோசிக்கத் தெரியாதவர்கள் இல்லை. தேசியக் கலைத்திட்டம் 2005-க்காக கணிதக் கற்பித்தல் பற்றி அறிக்கை தந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அப்போது சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துப் பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம். பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதுதான் முதன்மை நோக்கம், கணக்குப் பாடம் தருகிற பயமும் தோல்வி உணர்வும் முதலில் தீர்க்க வேண்டிய பிரச்சினை என்று அந்தக் குழு எழுதியது. கடைசிப் பெஞ்சுக்காரனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

வகுப்பு சத்தமாக இருக்கும். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தால் ஒருநாள் பின்பெஞ்சில் உட்கார வைத்து அவரையும் கணக்குப் போட விடுங்கள். இது என் கைகண்ட வைத்தியம்.

கணக்குக்கு எங்கே போவது? சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் நடத்தும் தேர்வுகளின் பழைய வினாத்தாள்கள் நல்ல சுரங்கம், மேல் வகுப்புகளுக்கு முக்கியமாக. முத்தியால்பேட்டைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பிற்காலத்தில் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய பி.கே. சீனிவாசன், காகித மடிப்பையும் தெருவில் கிடைக்கிற சாமான்களையும் வைத்தே கணிதம் நடத்தலாம் என்று ஆயுள் முழுக்கச் செய்து காட்டியவர். பாடப்புத்தகமே போதும் என்பேன் நான். பயிற்சியின் கடைசிக் கணக்கை எடுத்து, கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு துணைக் கேள்விகளை அடித்துவிடுங்கள். அதுவே சிக்கல் தீர்த்தல் கணக்காக மாறிவிடும்.

இன்னொன்று நம் வீட்டுச் சொத்து. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்கிற பழைய தமிழ்க் கணக்கு நூலில் ஒரு வெண்பா: பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல, காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. அதை ‘நம் முன்னோர் அறிவைப் பாரீர்’ என்று பெருமை பேசிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒன்றாந்தரமான வகுப்புக் கணக்கு. முள் 40 என்றால் சுளை 48, சரி; 43 என்றால் என்ன செய்வது, 51.6 சுளை உண்டா? ஏன் ஆறு, ஏன் ஐந்து? ‘காம்பைச் சுற்றி’ என்றால் எந்த வட்டம்வரை? இரண்டு பேர் எண்ணினால் ஒரே எண்ணிக்கை வருமா? எத்தனை பழத்தில் சரியாக வந்தால் இதை நம்பலாம்? நீங்கள் பண்ருட்டிப் பக்கம் என்றால் கோடையில் ஒரு பழத்துக்குப் பஞ்சமிருக்காது. ஆளுக்கொரு வீட்டில் எண்ணிக்கொண்டு வந்து பலகையில் பட்டியல் போடச் சொல்லுங்கள், முள் ஒரு பக்கம், சுளை ஒரு பக்கம். நீங்களும் ஒன்று எண்ணிப் பாருங்கள். தொடங்கும் முன் கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்ல மறக்காதீர்கள், பால் ஒட்டினால் லேசில் போகாது.